காத்தை இறக்கு, மாப்ளே!

பாலைவனம் என்றால் எனக்கு இரண்டே இரண்டு விஷயம்தான் தெரியும். ஒன்று, ஒட்டகம். இரண்டு, கதாநாயகனும் கதாநாயகியும் ஆறு டிரெஸ் மாற்றி டூயட் பாடிவிட்டு, ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் திரும்பி வரும் இடம்.

மூன்றாவதாக ஒரு விஷயத்தை 2023 டிசம்பரில் ஷார்ஜாவில் கற்றுக்கொண்டேன். அதற்கு நான் கொடுத்த ஃபீஸ் ஐந்து லட்ச ரூபாய்! பதறாதீர்கள். கொடுக்கவில்லை; வாங்காமல் விட்டேன். காமர்ஸ் படித்தவனுக்கு இரண்டும் ஒரே நஷ்டம்தான்.

விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவைக் கட்டிய அத்தான் இருபது வருஷமாக ஷார்ஜாவில் இருக்கிறார். ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்றாலும் மொய் நோட்டில் முதல் பக்கம், முதல் வரி அத்தான் பெயர்தான். ஊருக்கு வந்தால் பெட்டியிலிருந்து தைலம், டார்ச் லைட், சென்ட், பேரீச்சம்பழம் என்று மந்திரவாதி தொப்பியிலிருந்து வருகிற மாதிரி வந்துகொண்டே இருக்கும். யாருக்கு எந்தப் பணமுடை வந்தாலும், 'அத்தான் கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்' என்பது எங்கள் குடும்பத்தின் தேசிய கீதம்.

நானும் அந்தக் கீதத்தைப் பாடத்தான் விசிட் விசாவில் போயிருந்தேன். சென்னையில் ஒரு ஃபிளாட் பார்த்திருந்தோம். அட்வான்ஸுக்கு ஐந்து லட்சம் துண்டு விழுந்தது. (துண்டா அது, ஜமக்காளம்!) பி.காம். படித்த பாவத்துக்கு, எந்த மாதம் எவ்வளவு திருப்பித் தருவேன் என்று கட்டம் போட்டு ஒரு ஸ்டேட்மென்ட் தயாரித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இதையெல்லாம் போனில் கேட்டால் மரியாதையாக இருக்காதே!

போய் மூன்று நாளாயிற்று. ஒவ்வொரு ராத்திரியும் வார்த்தை தொண்டை வரை வரும். அதற்குள் அக்காவின் மீன் குழம்பு எதிரே வந்து வழியை அடைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அத்தான் சொன்னார்: "மாப்ளே, காலையில நாலரைக்கு எந்திரிச்சிரு. மணலுக்குப் போறோம்."

'ஆகா, ஆளில்லாத இடம். கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது' என்று நினைத்துக்கொண்டேன்.

ஆளில்லாத இடமா? பெட்ரோல் பங்க்கில் போய் நின்றால், பதினாலு வண்டி!

*

அந்த ஊரில் இப்படி நிறைய கிளப்புகள். நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகிற வண்டி உங்களிடம் இருந்தால் போதும், சேர்ந்துகொள்ளலாம். வாரம் ஐந்து நாள் ஏ.சி. அறையில் ஃபைல் பார்க்கிற அக்கவுன்டன்ட், இன்ஜினீயர், பல் டாக்டர் எல்லாரும் சனிக்கிழமை விடிந்தால் மண்வெட்டியோடு மணலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். லேண்ட் குரூசர், நிசான் பேட்ரோல், ஜீப் ராங்லர் என்று பளபளவென்று நின்ற வரிசையில், அத்தானின் பதினைந்து வயசு பஜேரோ, பணக்காரச் சம்பந்தி வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த ஏழைப் பெரியப்பா மாதிரி கடைசியில் கூச்சத்தோடு நின்றது.

தலைவர் ஒரு மலையாளி. அறுபதை நெருங்கும் வயசு. எல்லாரும் 'சேட்டன்' என்றே கூப்பிட்டார்கள். சட்டங்களை வரிசையாகச் சொன்னார்:

"முன்னே போகிற வண்டியோட தடத்திலேயே வரணும். முன் வண்டி மேட்டைத் தாண்டி, 'கிளியர்'னு ரேடியோவில் சொன்ன பின்னாடிதான் அடுத்த வண்டி ஏறணும். ஏற முடியலைன்னா நேரா பின்னாடியே இறங்கணும். சரிவுல குறுக்கே திருப்பினா வண்டி உருளும். மாட்டிக்கிட்டா உடனே சொல்லணும். வெட்கப்படக் கூடாது."

கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார். அப்போது எனக்கு அது பெரிசாகப் படவில்லை.

முன்னால் சேட்டன் வண்டி. அதன் பின்னால் புதுசுகள். எல்லாருக்கும் கடைசியில், யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு அனுபவசாலி. எங்களுக்கு எட்டாம் நம்பர்.

மலீஹா பக்கம் தார் ரோடு முடிகிற இடத்தில் எல்லா வண்டியும் நின்றது. ஆளாளுக்கு இறங்கிச் சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். 'புஸ்ஸ்ஸ்' என்று பதினாலு வண்டி, ஐம்பத்தாறு டயர். காற்றைப் பிடுங்கி விட்டுக்கொண்டிருந்தார்கள்!

நான் அரண்டுவிட்டேன். எங்கள் ஊரில் டயரில் காற்றைப் பிடுங்குவது, பிடிக்காதவன் சைக்கிளுக்குச் செய்யும் காரியம்.

சேட்டன் சிரித்தார். "ஒட்டகத்தோட காலைப் பார்த்திருக்கியா மோனே? அகலமா, மெத்துனு இருக்கும். பாரம் பரவிடும், மணல்ல இறங்காது. டயரும் அப்படித்தான். ரோட்டுல 35 பவுண்டு காத்து வேணும். மணல்ல 15 போதும். காத்து இறங்கினா டயர் பரந்து நிக்கும், மணல் மேல மிதக்கும். 35-லேயே போனா கத்தி மாதிரி வெட்டிக்கிட்டு உள்ளே போயிடும்."

ரொம்பவும் இறக்கிவிட்டு ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளுமாம். எல்லாவற்றுக்கும் ஒரு அளவு இருக்கிறது.

மணலை முடித்துத் தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்பக் காற்றை ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டு வேகத்தில் டயர் சூடேறிக் கெட்டுவிடும். அதற்காக ஒவ்வொருவர் வண்டியிலும் பேட்டரியில் ஓடும் குட்டி கம்ப்ரஸர் ஒன்று உண்டு.

அத்தானும் குத்தவைத்தார். ஒவ்வொரு சக்கரத்திலும், ஒரு தும்மல் போடுகிற நேரம். 'புஸ்'. எழுந்துவிட்டார்.

"அவ்வளவுதானா அத்தான்?"

"இது பழைய வண்டி மாப்ளே. இதுக்கு இது போதும்."

*

மணலுக்குள் இறங்கியதும் முதல் பத்து நிமிஷம் நான் கைப்பிடியை விட்டேனா என்று கேட்காதீர்கள். மேடு ஏறும்போது முன் கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும். உச்சியைத் தாண்டும்போது, அடுத்த பக்கம் தரை இருக்கிறதா இல்லையா என்பதே கடவுளுக்கு விட்ட விஷயம். சட்டென்று மூக்கு கவிழும். 'அம்மாடி!' என்று நான் கத்தினால், அத்தான் விசில் அடிப்பார்.

ஆனால் ஒன்று. அந்த மணல் எனக்குப் புதுசு இல்லை. அங்கே நிறைய இடத்தில் மணல் செக்கச் செவேல் என்று இருக்கிறது. இரும்புத் துரு கலந்த நிறம். நான் பிறந்தது சாத்தான்குளம் பக்கம். எங்கள் தேரிக்காட்டு மணலும் அதே இரும்புச் சிவப்புத்தான். சித்திரை வெயிலில் தேரியைத் தாண்டும்போது, பனை ஓலையைக் கீழே போட்டு அதன் மேல் கொஞ்ச நேரம் நின்று, ஓடி, மறுபடி ஓலையைப் போட்டு... அப்படித்தான் நாங்கள் போவோம். கருப்பட்டி ஏற்றிய லாரி மாட்டிக்கொண்டால், சக்கரத்தின் கீழே ஓலையைத் திணிக்கச் சொல்லி, "மணல்கிட்ட வீராப்பு காட்டாதிய" என்று டிரைவரைத் தாத்தா அதட்டுவார்.

தூரத்தில் கருத்த பாறைக் குன்று ஒன்று தெரிந்தது. 'ஃபாஸில் ராக்' என்று பெயராம். அந்தப் பாறையில் கடல் சிப்பி, நத்தை எல்லாம் கல்லாகிக் கிடக்கிறது. டைனோசர் காலத்தில் அந்த இடம் கடலாம்! பக்கத்திலிருக்கும் ஃபாயா மலையில், மனிதன் 1,25,000 வருஷத்துக்கு முன்னாலேயே செய்த கல் ஆயுதங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 2025-ல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது இதுதான்: அத்தனை லட்சம் வருஷம் பார்த்த மணலுக்கு முன்னால் என் ஐந்து லட்சம் எம்மாத்திரம்? சரி, கேட்டுவிட வேண்டியதுதான்!

"அத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

அதே நேரம் ரேடியோ கரகரத்தது. "ஏழு கிளியர். எட்டு வரலாம்."

அத்தான் மிதித்தார். பஜேரோ உறுமிக்கொண்டு ஏறியது. பாதி மேடு. முக்கால் மேடு. உச்சிக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது மூச்சு வாங்கியது. அத்தான் இன்னும் மிதித்தார். இன்ஜின் சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. நாலு பக்கமும் மணல் வாரி அடித்தது. ஒரு குலுக்கல். வயிறு மணலில் படிந்து, வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"சொல்லிடலாமே அத்தான், மாட்டிக்கிட்டோம்னு..."

"இரு மாப்ளே, வந்துரும்." மறுபடி மிதித்தார். ஒரு அங்குலம் இறங்கியது. "இந்தா வந்துரும்." இன்னும் ஒரு அங்குலம்.

அவர் முகத்தைப் பார்த்தேன். ஏ.சி. காற்றில் நெற்றியெல்லாம் வேர்வை. அது மணலில் மாட்டிக்கொண்டவனின் முகமாக மட்டும் இல்லை.

சேட்டன் மேட்டு உச்சியிலிருந்து நடந்து வந்து, கண்ணாடியைத் தட்டினார். "சாரே, காலை எடுங்க. நீங்க இப்ப வண்டி ஓட்டலை, குழி தோண்டறீங்க."

அத்தான் காலை எடுத்தார். திடீரென்று பாலைவனம் முழுக்க நிசப்தம்.

சேட்டன் பையிலிருந்து மீட்டரை எடுத்து முன் டயரில் வைத்தார். 27 காட்டியது! அத்தானை நிமிர்ந்து பார்த்தார். அத்தான் மணலைப் பார்த்தார். சேட்டன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தானே குத்தவைத்து உட்கார்ந்து, நாலு டயரிலும் நிதானமாக 'புஸ்ஸ்ஸ்' என்று 12-க்கு இறக்கினார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி சொன்னார்:

"திரும்ப ஏத்தறதுக்கு என் கம்ப்ரஸர் இருக்கு. ஒரே ஆளுக்கு அது ரொம்பப் பெரிசு."

மண்வெட்டி வந்தது. பல் டாக்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று வயிற்றுக்கு அடியிலிருந்து மணலைத் தோண்டினோம். பின்னாலிருந்த பேட்ரோலுக்கும் எங்களுக்கும் நடுவில் கயிறு கட்டி, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கயிறோ கொக்கியோ தெறித்தால் ஆளையே கொன்றுவிடுமாம். ஒரே இழுப்பு. வண்டி சாதுவாகப் பின்னால் இறங்கி வந்தது.

மறுபடி ஏறினார் அத்தான். அதே மேடு, அதே வண்டி, அதே டிரைவர். வெண்ணெயில் கத்தி மாதிரி... இல்லை, கத்தி மாதிரி போகக்கூடாது என்றுதானே சொன்னார்கள்! ஒட்டகம் மாதிரி ஏறிப் போய்விட்டது.

*

நடுப்பகலில் நிழல் இருக்காது. நிழல் இல்லாவிட்டால் மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் அந்த நேரத்தில் ஓட்டுவது ஆபத்து என்று, ஒரு மரத்தடியில் எல்லாரும் நிறுத்தினார்கள்.

மரத்தைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். நம்ம ஊர் வன்னி மரம்! பஞ்சபாண்டவர்கள் அஞ்ஞாதவாசம் போகும்போது ஆயுதங்களை ஒளித்து வைத்ததாகச் சொல்வார்களே, அதே ஜாதி. நம் சிவன் கோயில்கள் பலவற்றில் தல விருட்சம். அங்கே 'காஃப்' என்கிறார்கள். அந்த நாட்டின் தேசிய மரமே அதுதான். வேர் ரொம்ப ஆழத்துக்குப் போய் தண்ணீர் எடுத்துக்கொள்ளுமாம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அக்கா கட்டிக் கொடுத்த புளியோதரையை நானும் அத்தானும் தனியாக உட்கார்ந்து தின்றோம். ஸ்டேட்மென்ட் சட்டைப்பையில் குத்திக்கொண்டிருந்தது. இதுதான் சமயம்.

அதற்குள் அத்தான் பேசினார். மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டே.

"கம்ப்ரஸரை வித்துட்டேன் மாப்ளே."

"எதுக்கு அத்தான்?"

"பையனுக்கு ஸ்கூல் பஸ் காசு கட்டணும்."

எனக்குப் புளியோதரை இறங்கவில்லை.

"மார்ச்லேருந்து பாதிச் சம்பளம். ஆகஸ்ட்லேருந்து அதுவும் இல்ல. 'அடுத்த மாசம், அடுத்த மாசம்'ங்கான். காலையில டை கட்டிட்டுப் போறேன், சாயங்காலம் வாறேன். வீடு கிரெடிட் கார்டுல ஓடுது. ஒரு கார்டை அடைக்க இன்னொரு கார்டு. அதான் காத்தை எறக்கல. எறக்கினா ஏத்திக்க வேண்டாமா? ஓசி கேட்டா, இவன் கம்ப்ரஸர் எங்கேன்னு கேப்பாங்கள்லா?"

"செப்டம்பர்ல சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு இருபத்தையாயிரம் மொய் அனுப்பினீங்களே..."

"அனுப்பலேன்னா ஊர்ல என்ன பேசுவாங்க மாப்ளே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்த ஊரே நான்தானே! இருபது வருஷமாக அவரைப் பார்த்து 'அத்தானுக்கென்ன, அத்தானுக்கென்ன' என்று சொல்லிச் சொல்லி, ஆளாளுக்கு ஒரு பம்ப்பை வைத்துக்கொண்டு அவர் டயரில் காற்றடித்ததில் நானும் ஒருத்தன். இன்னொரு ஐந்து பவுண்டு அடிக்கத்தான் ஃபிளைட் ஏறி வந்திருக்கிறேன். கட்டம் போட்ட பேப்பரோடு.

பேப்பரைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று கை போனது. பாலைவனத்தில் குப்பை போடக்கூடாது என்பது கிளப் சட்டம். அப்படியே இன்னும் இரண்டு மடிப்பு மடித்து உள்ளே தள்ளினேன்.

"ஏதோ கேக்கணும்னு நெனச்சியே மாப்ளே. மூணு நாளா பாக்கேன்."

"ஒண்ணுமில்ல அத்தான். பேரீச்சம்பழம் எந்தக் கடையில நல்லாருக்கும்னு..."

அத்தான் என்னையே பார்த்தார். கணக்கு எழுதுகிறவர். எந்த பில் பொய் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் ஆடிட் பண்ணவில்லை.

"அக்காகிட்ட சொல்லுங்க அத்தான்" என்றேன். "சேட்டன் ரெண்டு தடவை சொன்னாரே... மாட்டிக்கிட்டா உடனே சொல்லணும்னு."

*

சாயங்காலம் தார் ரோட்டோரம் சேட்டனின் கம்ப்ரஸர் 'டகடக' என்று அடித்தது. நாலு டயரும் நிமிர்ந்தன. அந்தச் சத்தத்தில் அத்தான் சேட்டன் காதருகே ஏதோ சொன்னார். சேட்டன் தோளில் கை போட்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் தள்ளி நின்று சூரிய அஸ்தமனத்தை ரசிப்பது போல நடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் பாத்ரூம் போய் மணலைக் கழுவிவிட்டு, சமையலறை வாசலில் நின்று, கால் மணி நேரம் தொண்டையைக் கனைத்துவிட்டு, ஒருவழியாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அக்கா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"இதைச் சொல்றதுக்கு உங்களுக்குப் பாலைவனம் போய்ட்டு வரணுமா? கம்ப்ரஸர் வெச்சிருந்த இடத்துல ரெண்டு மாசமா வெங்காய மூட்டை வெச்சிருக்கேனே, அது உங்க கண்ணுக்குத் தெரியலியா?"

அத்தான் வெங்காய மூட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்று சொல்லும்போது மட்டும் அக்கா எங்கள் பக்கம் திரும்பவில்லை. வெங்காயம் நறுக்கவில்லை; அப்படியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "வளையல் நாலு இருக்கு. மொதல்ல அந்தக் கார்டை மூடுங்க" என்று தட்டில் தோசையைப் போட்டாள்.

சேட்டன் நாலு இடத்தில் சொல்லி வைத்தார். 2024 மார்ச்சில் அத்தான் அஜ்மானில் வேறொரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தார். சம்பளம் பழையதில் முக்கால்வாசி. ஆனால் முதல் தேதியில் வருகிறது. அந்த வருஷம் எங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றில் அத்தான் பேரில் இரண்டாயிரம் ரூபாய் மொய் எழுதினேன். இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் பக்கத்துத் தெருவில் ஒரு பையன் ஒரு பெண்ணோடு ஓடிப்போனான். அத்தோடு மறந்துவிட்டார்கள். இதற்காகவா மனுஷன் ராத்திரி தூங்காமல் கிடந்தார்!

ஃபிளாட்? அதை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். நான் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். தண்ணீர் நன்றாக வருகிறது.

கிளம்பும்போது அத்தான் பேரீச்சம்பழம் தரவில்லை. (நானே கேட்டு வாங்கிய கடையில் நானே வாங்கிக்கொண்டேன்.) ஏர்போர்ட்டில் என் கையில் காற்று பார்க்கும் அந்தச் சின்ன மீட்டரைத் திணித்தார். இப்போது என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

மாசக் கடைசியில் எவனாவது நண்பன், இரண்டு இ.எம்.ஐ.யும் மூன்று கார்டும் வைத்துக்கொண்டு, 'நமக்கென்ன சார், ஜம்முனு இருக்கேன்' என்று காலரைத் தூக்கிவிட்டால், அந்த மீட்டரை எடுத்து அவன் முன்னால் உருட்டுவேன்.

"என்னது இது?" என்பான்.

"ஒண்ணுமில்ல. நீ இப்ப எவ்வளவுல ஓடிக்கிட்டிருக்கே, முப்பத்தஞ்சா? டீ சொல்றேன், உட்காரு. கொஞ்சம் இறக்கிட்டுப் பேசு."